சிமெண்டு போடுவதற்கு முன் இரண்டு கரண்டி சியா

வானொலியில் பேசுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இரண்டு பாடல்களுக்கு நடுவே கிடைக்கும் நாற்பது விநாடியில் எதைப் பற்றியும் துணிந்து பேசிவிடுவோம். எனக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு காலை நிகழ்ச்சியில், "உங்கள் சமையலறையில் பழசாகிப் போன சியா விதை இருக்கிறதா? தூக்கிப் போடாதீர்கள். தோட்டத்தில் தூவிவிடுங்கள். வளர்ந்ததும் வெட்டி மண்ணில் போட்டால் நல்ல தழை உரம். காற்றில் இருக்கும் நைட்ரஜனை இழுத்து மண்ணுக்குக் கொடுக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலைப் போட்டேன்.

பாடல் முடிவதற்குள் தொலைபேசி வந்தது. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு பெரியவர். தோட்டத்தில் கிராணியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். கோபப்படவில்லை, நிதானமாகத்தான் பேசினார்.

"தங்கச்சி, சியா பயறு இல்லம்மா. அது துளசி சாதி. காத்துல இருந்து நைட்ரஜன் இழுக்கிறது பயறு வகைங்க செய்யற வேலை. அதுவும் பயறு தானா செய்யாது, வேர்ல இருக்கிற கிருமி செய்யும். நீங்க சொன்னதைக் கேட்டு யாராச்சும் உரம் போடாம விட்டுடப் போறாங்க."

நன்றி சொல்லி வைத்தேன். ஒலிவாங்கிக்கு முன்னால் முகம் சிவந்தால் யாருக்கும் தெரியாது என்பதுதான் வானொலியில் ஒரே வசதி. ஆனால் அந்த ஒரு வாக்கியம் மனத்தில் உட்கார்ந்துவிட்டது. அதே வாரம் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தைப் பற்றி வேறொரு பேச்சு நடந்துகொண்டிருந்ததும் அதற்குக் காரணம்.

அப்பா விட்டுச் சென்ற இடம்

கெலுகோரில் எங்களுடையது வரிசை வீடு. பின்னால் இருபது அடி நீளம், பன்னிரண்டு அடி அகலத்தில் ஒரு துண்டு நிலம். அப்பா இருந்தவரை அங்கே வெண்டை, கத்தரி, பயற்றங்காய், ஒரு கறிவேப்பிலை மரம் எல்லாம் இருந்தன. அப்பா போய் ஒன்றரை ஆண்டாகிறது. அதன்பின் அம்மா அந்தக் கதவைத் திறப்பதே குறைந்துவிட்டது. நான் ஒருமுறை வெண்டை விதை போட்டேன். முளைத்தது ஒரு சாண் வளர்ந்து மஞ்சளாகி நின்றுவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கும். வெயில் அடித்தால் தரை பாளம் பாளமாக வெடிக்கும்.

காரணம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. பல வீடமைப்புத் திட்டங்களில் நடப்பதுதான். மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு, அடியில் இருக்கும் சிவப்புக் களிமண்ணையும் கட்டடக் கழிவையும் போட்டுச் சமப்படுத்திவிடுகிறார்கள். அப்பா ஆண்டுதோறும் சாணமும் காய்ந்த இலையும் போட்டு அதன் மேல் ஒரு சாண் நல்ல மண்ணை உண்டாக்கியிருந்தார். நம் ஊர் வெப்பத்திலும் மழையிலும் மண்ணில் இருக்கும் மக்கு வேகமாகக் கரையும். ஒன்றரை ஆண்டு எதுவும் போடாமல், வெறுந்தரையாக மழையில் அடிபட விட்டால் அவ்வளவுதான்.

"சிமெண்டு போட்டுடும்மா," என்றார் அம்மா. "துணி காயப் போடலாம். பார்க்கவும் சுத்தமா இருக்கும்." குத்தகையாளர் வந்து அளந்து பார்த்தார். 1,800 ரிங்கிட் என்றார்.

அம்மா சொன்னதில் துணி காயப் போடுவது மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். அப்பாவின் மண்வெட்டி சாய்ந்திருக்கும் அந்த இடத்தை அப்படியே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. நான் அவகாசம் கேட்டேன். "ரெண்டு மாசம் குடுங்க. அப்புறம் உங்க இஷ்டம்." வானொலியில் உளறியதைச் சரிசெய்ய வேண்டிய கடனும் இருந்தது.

சியா: என்ன செய்யும், என்ன செய்யாது?

முதலில் சியா. இதன் தாவரப் பெயர் சால்வியா ஹிஸ்பானிக்கா. புதினா, துளசி, கற்பூரவல்லி ஆகியவை சேர்ந்த குடும்பம். தாயகம் மெக்சிகோவும் குவாத்தமாலாவும். அஸ்டெக் மக்கள் சோளத்தோடும் பீன்ஸோடும் சேர்த்து உணவாகப் பயிரிட்ட பழைய விதை. நம் ஊர்ப் பானங்களில் மிதக்கும் 'பிஜி செலாசே' வேறு. அது திருநீற்றுப்பச்சையின் விதை. தமிழ்நாட்டில் சப்ஜா என்பார்கள். இரண்டும் உறவுதான், ஆனால் ஒன்றல்ல.

இந்தியாவில் சியா வேரூன்றியதற்கு மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. சாம்பியன் பி-1, சாம்பியன் டபிள்யூ-83 என்று இரண்டு ரகங்களை அந்த நிலையம் வெளியிட்டது. மைசூர் வட்டாரத்து உழவர்கள் பலர் விதைத்தார்கள். ஆனால் அவர்கள் பயிரிட்டது விதையை விற்பதற்கு, உரத்துக்கு அல்ல.

தழை உரமாக, மண்ணை மூடும் பயிராகச் சியாவைப் பயன்படுத்த முடியுமா? முடியும், வரம்போடு. ஒரு கிராமில் ஏறக்குறைய 750 விதைகள் இருக்கும். அதனால் கொஞ்சம் விதையே நிறைய இடத்தை மூடும். நனைந்தவுடன் விதையைச் சுற்றி வழவழப்பான கூழ் உண்டாகிறது. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் முளைப்பு எளிது. இலையில் வாசனை எண்ணெய் இருப்பதால் பூச்சிகள் அவ்வளவாகத் தொடுவதில்லை. அடர்ந்து வளர்ந்தால் களைக்கு வெளிச்சம் கிடைக்காது. மழைத்துளி நேரடியாக மண்ணை அடிக்காது. மண்ணில் மிச்சமிருக்கும் சத்து மழையில் அடித்துப் போகுமுன் அதை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும். வெட்டிப் போட்டால் திருப்பிக் கொடுக்கும்.

கவனியுங்கள், திருப்பிக் கொடுக்கும் அவ்வளவுதான். புதிதாக நைட்ரஜன் கொண்டு வராது. பயறு வகைச் செடிகளின் வேரில் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் முடிச்சுகளில் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். சியாவின் வேரில் அந்தக் குடித்தனம் கிடையாது. பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

இன்னொன்றும் உண்டு. சியா குறும்பகல் பயிர். பகல் நேரம் பன்னிரண்டு மணியை ஒட்டிக் குறைந்தால் பூக்கத் தொடங்கும். மைசூரில் செப்டம்பர், அக்டோபரில் விதைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பினாங்கோ பூமத்திய ரேகையிலிருந்து ஐந்தரை பாகைக்குள் இருக்கிறது. நம் ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் முக்கால் மணி நேரம்கூட இல்லை. எனவே சியா இங்கே ஆள் உயரம் வளரக் காத்திருக்காது. முழங்கால் உயரத்திலேயே பூவெடுத்துவிடும். பூத்த பிறகு தண்டு கெட்டியாகும். தழை உரத்துக்கு அது நல்லதல்ல. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நான் பட்டுத் தெரிந்துகொண்டது அது.

"நாங்க போட்ட கொடி"

இதையெல்லாம் படித்து அம்மாவிடம் சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொண்டிருந்தேன். மூடுபயிர், தழை உரம் என்று நான் விளக்க விளக்க, அம்மா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஏம்மா, இது நாங்க தோட்டத்துல போட்ட கொடிதானே?" என்றார்.

அம்மா பிறந்து வளர்ந்தது செபராங் பிறையில் ஒரு பால்மரத் தோட்டத்தில். பள்ளியை விட்டு நின்றதும் மறுநடவு நடந்த இடத்தில் வேலைக்குப் போயிருக்கிறார். பழைய பால்மரங்களை வெட்டிவிட்டு இளங்கன்று நட்டிருப்பார்கள். வரிசைக்கு நடுவே வெறும் மண். அங்கே விதைப்பதற்கு முதல் நாள் மாலையே சின்னச் சின்ன விதைகளைச் சுடுதண்ணீரில் போட்டு வைப்பார்களாம். மறுநாள் காலையில் பழுப்பு நிறத் தூளோடு பிசறி, வாளியில் எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகத் தூவுவார்களாம்.

"எதுக்கு சுடுதண்ணி?"

"மேல்தோல் கல்லு மாதிரி இருக்கும். சும்மா போட்டா முளைக்காது. அந்தத் தூள் என்னன்னு தெரியாது. ஏதோ தீவுல இருந்து வருதுன்னு மண்டோர் சொல்வாரு."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. மலேசியத் தோட்டங்களில் பல காலம் பயன்பட்டது கிறிஸ்மஸ் தீவிலிருந்து வந்த பாஸ்பேட் பாறைத் தூள். பயறு வகைக் கொடிகளின் வேர் முடிச்சு நன்றாக உருவாகப் பாஸ்பரஸ் தேவை. அம்மாவுக்கு வேதியியல் தெரியாது. ஆனால் அந்த வேதியியலை வாளியில் சுமந்து நடந்தவர் அவர்.

இந்தக் கொடிகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, நம் தாத்தா பாட்டிகளின் வரலாறும்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் பெருகியபோது, ஒரு புல்கூட இல்லாமல் தரையைச் சுத்தமாகச் செதுக்கி வைப்பதுதான் நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று துரைமார்கள் நம்பினார்கள். அந்தப் புல்லைச் செதுக்கியது தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் மக்களின் கைகள். விளைவு? சரிவுகளில் மழை அடித்து மேல்மண் ஆற்றோடு போனது. காட்டை அழித்தபோது இருந்த வளம் சில ஆண்டுகளிலேயே கரைந்தது.

மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துக்கான சட்டம் 1925-இல் வந்தது. அதன் பிறகான ஆய்வுகளும் தோட்டங்களின் அனுபவமும் வேறு வழி காட்டின. தரையைச் செதுக்குவதற்குப் பதில் பயறு வகைக் கொடிகளால் மூடினார்கள். சென்ட்ரோசீமா, கலப்பகோனியம், புவேரேரியா என்ற மூன்றும் பெரும்பாலும் கலந்தே விதைக்கப்பட்டன. முதலிரண்டும் அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தவை, மூன்றாவது ஆசியாவைச் சேர்ந்தது. மலாயில் இவற்றுக்குக் 'கெகாச்சாங் பெனுத்துப் பூமி' என்று பெயர். பூமியை மூடும் பயறுகள். கன்று வளர்ந்து நிழல் விழும் வரை சில ஆண்டுகள் இவை தரையைப் போர்த்தியிருக்கும். நிழல் வந்ததும் மெல்ல மடிந்து மக்கி மரத்துக்கே உணவாகும். இப்படிக் கொடி போட்ட இடத்தில் பால்மரம் பல மாதங்கள் முன்னதாகவே வெட்டுக்குத் தயாரானது என்பது ஆய்வில் கண்ட உண்மை.

இப்போது செம்பனைத் தோட்டங்களில் அதிகம் தெரியும் கொடி மியூக்குனா பிராக்டியாட்டா. நம் பூனைக்காலிக்குச் சொந்தம். 1991-இல் இந்தியாவிலிருந்து மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆழமாக வேர்விடும், வறட்சி தாங்கும், மாடு தின்னாது. நெடுஞ்சாலையில் போகும்போது இளம் செம்பனைகளுக்கு நடுவே பச்சைக் கம்பளம் விரித்தது போல் தெரிவது பெரும்பாலும் இதுதான். கவனிக்காமல் விட்டால் செம்பனை மேலேயே ஏறிவிடும். அதை இழுத்துவிடவும் ஆள் வேண்டும்.

"பயறு போடும்மா, சியாவை மட்டும் நம்பாதே," என்றார் அம்மா. அன்று இரவு சமையலறை டப்பாக்களைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தது அவர்தான்.

நாலு பாத்தி

ஆகஸ்டு கடைசியில், பெருமழைக்கு முன் வேலையை ஆரம்பித்தோம். நிலத்தை அறுபது சதுர அடி வீதம் நான்காகப் பிரித்தேன்.

முதல் பாத்தியில் சியா மட்டும், இரண்டு தேக்கரண்டி. பேரங்காடியில் வாங்கிய 12 ரிங்கிட் பொட்டலம்தான். மணலோடு கலந்து தூவி, கையால் லேசாகக் கலைத்துவிட்டோம். ஆழமாகப் புதைத்தால் முளைக்காது.

இரண்டாவது பாத்தியில் தட்டைப்பயறும் பாசிப்பயறும், இரண்டு கைப்பிடி.

மூன்றாவது பாத்தி அம்மாவின் யோசனையும் நம்மாழ்வாரின் வழியும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் இயற்கை வேளாண்மையை ஊர் ஊராகக் கொண்டுபோன கோ.நம்மாழ்வார் (1938–2013) வலியுறுத்தியவற்றில் ஒன்று பல தானிய விதைப்பு. தானியம், பயறு, எண்ணெய் வித்து, மணப்பயிர், தழை உரப் பயிர் என ஐந்து வகையிலும் சிலவற்றைக் கலந்து விதைத்து, ஐம்பது அறுபது நாளில் மடக்கி உழுவது. ஒவ்வொரு செடியும் ஒவ்வோர் ஆழத்தில் வேர் விடும், ஒவ்வொரு விதமான சத்தைச் சேர்க்கும். எங்கள் டப்பாக்களில் இருந்தவை கேழ்வரகு, பாசிப்பயறு, தட்டைப்பயறு, எள், கடுகு, வெந்தயம், கொத்தமல்லி. அவற்றோடு ஒரு கரண்டி சியா.

நான்காவது பாத்தியில் எதுவும் போடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே.

விதைப்பதற்கு முன் ஒரு சோதனையும் செய்தேன். இரண்டு பக்கமும் வெட்டிய ஒரு மைலோ டின்னை மண்ணில் இரண்டு விரற்கடை ஆழம் அழுத்தி, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது முழுக்க உள்ளே இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தேன். நான்கு இடத்திலும் இருபது நிமிடத்துக்கு மேல். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "உன் அப்பா இருந்தப்போ ஊத்தின உடனே குடிச்சிடும்," என்றார்.

பயறு மூன்றாம் நாளே தலை தூக்கியது. சியா ஐந்தாம் நாள். இரண்டே இரண்டு சின்ன இலைகள், பாத்தி முழுக்கப் பச்சைப் பொட்டு வைத்தது போல. மூன்றாம் வாரத்தில் தரை தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "உலார் வராதா?" என்று கேட்டார். பாம்பு பயம் நியாயமானதுதான். வேலி ஓரம் இரண்டடிக்கு எதையும் வளரவிடாமல் வெட்டி வைத்தோம். கொசுவைப் பற்றியும் கேட்டார். ஏடிஸ் கொசு தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும், இலையில் அல்ல. முன்பு மழை பெய்தால் எங்கள் கொல்லையில் தேங்கிய குட்டைதான் உண்மையான ஆபத்து. அது இப்போது குறைந்துகொண்டிருந்தது.

என் தவறு

ஏறக்குறைய நாற்பதாம் நாள் சியா மொட்டு விட்டது. இடுப்புக்குக்கூட வரவில்லை. அப்போதே வெட்டியிருக்க வேண்டும். தழை உரத்தின் பொதுவிதி பூக்கும் பருவத்தில் மடக்குவது. தமிழ்நாட்டு வயல்களில் தக்கைப்பூண்டையும் சணப்பையும் நாற்பத்தைந்து நாளை ஒட்டி மடக்கி உழுவது இதனால்தான். அந்தப் பருவத்தில் தண்டு இளசாக, சத்து நிறைந்து இருக்கும். சீக்கிரம் மக்கும்.

ஆனால் சியாவின் பூ நீலமும் ஊதாவும் கலந்த அழகு. தேனீ வேறு வர ஆரம்பித்தது. படம் எடுத்துப் போட்டேன். விருப்பக்குறிகள் குவிந்தன. "இன்னும் ஒரு வாரம்" என்று சொல்லிச் சொல்லி மூன்று வாரம் தள்ளிவிட்டேன். பயறுப் பாத்தியையும் கலவைப் பாத்தியையும் அம்மா காத்திருக்கவில்லை. நாற்பத்தைந்தாம் நாள், அப்பாவின் மண்வெட்டியை அவரே எடுத்தார். ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. வெட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரு தட்டைப்பயற்றுச் செடியை வேரோடு பிடுங்கி என்னிடம் காட்டினார். வேரில் சிறு மணிகள் போல் முடிச்சுகள். நகத்தால் ஒன்றைக் கீறினார். உள்ளே இளஞ்சிவப்பு. "சிவப்பா இருந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தம். மண்டோர் சொல்லிக் குடுத்தது," என்றார். அறிவியலும் அதையேதான் சொல்கிறது. நைட்ரஜனைப் பிடிக்கும் முடிச்சில் நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஒரு சிவப்புப் பொருள் இருக்கும். உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அது உழைக்கவில்லை.

வெட்டியதைப் பொடியாக நறுக்கி, மேல்மண்ணோடு லேசாகக் கலந்து, இரண்டு வாரம் விட்டோம். பச்சைத்தழை புளித்து மக்கும்போது சூடும் அமிலமும் உண்டாகும். உடனே நட்டால் நாற்று வெந்துவிடும்.

கடைசியாகச் சியாவை வெட்டியபோது அடித்தண்டு குச்சியாகிவிட்டிருந்தது. அதையும் அப்படியே நறுக்கிப் போட்டு இரண்டு வாரம் கழித்து, மூன்று பாத்தியிலும் ஒரே நாளில் கீரையும் வெண்டையும் போட்டேன். பயறுப் பாத்தியில் கரும்பச்சை. கலவைப் பாத்தியிலும் பச்சை. சியா பாத்தியில் வெளிர் மஞ்சள்.

காரணம் இதுதான். மரத்துப்போன தண்டில் கரி அதிகம், நைட்ரஜன் குறைவு. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தங்கள் உடம்பை வளர்த்துக்கொள்ள நைட்ரஜன் வேண்டும். தண்டில் இல்லாததால் மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்கின்றன. கீரைக்கு மிச்சமில்லை. சில வாரம் கழித்து மக்கல் முடிந்ததும் அவை விட்டுக்கொடுக்கும். எங்கள் சியா பாத்தியும் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு தேறியது. ஆனால் அந்த மஞ்சளைப் பார்த்த ஒவ்வொரு காலையும் புக்கிட் மெர்தாஜாம் பெரியவர் நினைவுக்கு வந்தார். "யாராச்சும் உரம் போடாம விட்டுடப் போறாங்க" என்றாரே.

இருந்தாலும் சியாவை முழுக்கக் குறை சொல்ல முடியாது. மறுபடி மைலோ டின்னை எடுத்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். எதுவும் போடாத பாத்தியில் இருபது நிமிடம், பழையபடியே. பயறுப் பாத்தியில் ஒன்பது. சியா பாத்தியில் ஆறு. கலவைப் பாத்தியில் நான்கு. சியாவின் மெல்லிய வேர்கள் களிமண்ணுக்குள் புகுந்து புகுந்து வழி உண்டாக்கியிருந்தன. சத்தைக் கொண்டுவந்தது பயறு, மண்ணைத் திறந்ததில் சியாவும் சேர்த்தி. இரண்டும் சேர்ந்தபோதுதான் பலன் அதிகம். இது ஒரு வீட்டுக் கொல்லையில் ஒரே முறை பார்த்தது. ஆராய்ச்சி முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மண்ணில் நீங்களே பாருங்கள்.

நீங்களும் செய்வதானால்

நிலம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அடுக்குமாடியில் ஒரு பழைய தொட்டி மண் போதும். அறுவடைக்குப் பின் அந்த மண்ணைக் கொட்டிவிட்டுப் புதுப் பொட்டலம் வாங்குகிறோம் அல்லவா? அதற்குப் பதில் ஒரு கைப்பிடி பாசிப்பயறும் ஒரு சிட்டிகை சியாவும் தூவுங்கள். செலவு ஒரு ரிங்கிட்டுக்குள்தான். சில விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள்.

சியாவைத் தனியாகப் போடாதீர்கள். எப்போதும் ஏதாவது ஒரு பயறோடு சேர்த்துப் போடுங்கள்.

மொட்டு தெரிந்ததும் வெட்டுங்கள். பூவின் அழகில் மயங்காதீர்கள். விதை உதிர்ந்தால் அடுத்த பருவத்தில் அதுவே களையாகிவிடும்.

வறுத்த விதையும் உடைத்த பயறும் முளைக்காது. முழுப்பயறு வேண்டும். கொஞ்சத்தை ஈரத்துணியில் கட்டி முளைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வெட்டிய பின் இரண்டு வாரம் பொறுங்கள். பிறகு நடுங்கள்.

வேலி ஓரத்தைச் சுத்தமாக வைத்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெட்டிய கீரையில் ஒரு பிடி கொடுத்தால் இன்னும் நல்லது.

வழிகாட்டல் வேண்டுமென்றால் பினாங்கிலேயே இருக்கிறது. மறைந்த எஸ்.எம்.முகமது இட்ரிஸ் நீண்ட காலம் தலைமை தாங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், இரசாயன உரமில்லாத வீட்டுத் தோட்டத்தைப் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறது. ஆனால் அதற்கும் முன் உங்கள் வீட்டிலேயே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். தோட்டத்தில் வளர்ந்த பாட்டியோ, பெரியப்பாவோ, அத்தையோ இருந்தால், "அந்தக் காலத்துல பால்மரத்துக்கு நடுவுல என்ன கொடி போட்டீங்க?" என்று கேளுங்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதியாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியபோது நம்மவர்கள் மூட்டை முடிச்சோடு நகரத்துக்கு வந்தார்கள். கையில் இருந்த வேலையறிவையும் கூடவே கொண்டுவந்தார்கள். அடுக்குமாடி வீட்டில் அதைக் கேட்க ஆளில்லாமல் போனது. என் அம்மாவிடம் முப்பது ஆண்டுக்கு மேல் நானும் கேட்டதில்லை.

குத்தகையாளர் மறுபடி தொலைபேசியில் அழைத்தார். அம்மாவே பேசினார். நான்காவது பாத்திக்கு மட்டும், அறுபது சதுர அடி, சிமெண்டு போடச் சொன்னார். துணி காயப் போட இடம் வேண்டும் என்று அவர் கேட்டதும் நியாயம்தானே. மற்ற மூன்று பாத்தியில் இப்போது வெண்டை காய்க்கிறது. ஓரத்தில் ஒரு சிறு பாத்தியை அடுத்த சுற்றுக்குத் தட்டைப்பயறு விதைக்காகவே விட்டிருக்கிறார். மண்வெட்டி பழைய இடத்திலேயே சாய்ந்திருக்கிறது. அதில் இப்போது ஈரமண் ஒட்டியிருக்கும்.

வானொலியிலும் திருத்தம் சொல்லிவிட்டேன். நாற்பது விநாடி போதவில்லை, மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டேன். "சியா நைட்ரஜனைக் கொண்டு வராது, நான் சொன்னது தவறு" என்று சொல்லி முடித்ததும் தொலைபேசி ஒலித்தது. அதே பெரியவர்தான்.

"கேட்டேன் தங்கச்சி," என்றார். "சரி, பயறு என்ன பயறு போட்டீங்க?"